வெட்டாமல் விட்ட சிரிப்பு

நாயகன் உள்ளே வந்தபோது படத்தொகுப்பாளர் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்று படங்களாக அவன் முகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவள் அவள். அந்த முகம் அவனைவிட அவளுக்குத்தான் அத்துப்படி.

இந்தப் படம் ராஜா காலத்துக் காதல் நகைச்சுவை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களை மயக்கும் மன்மத வேடம் அவனுக்கு. இதற்கு அவன் தனியாக நடிக்கவே வேண்டாம் என்று படப்பிடிப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பனை வேலை பார்த்த அவள் தங்கைக்குக் கல்யாண ஆசை காட்டிவிட்டு, முதல் படம் முடிந்ததும் முன்பின் தெரியாதவளைப் போலக் கடந்து போனவன் இவன். அன்று பிரஷ்ஷைப் பெட்டியில் போட்டுப் பூட்டிய தங்கை இன்னும் திறக்கவில்லை.

"அக்கா, போன படத்துல என் க்ளோஸப்பையெல்லாம் வெட்டித் தள்ளிட்டீங்க. இதுல என் ஷாட் ஒண்ணுலயும் கை வைக்கக் கூடாது" என்றான்.

படத்துக்குப் பணம் போட்டவர் அவன் அப்பா. கூட வந்த இயக்குநர் தரையைப் பார்த்தார்.

"பார்க்கலாம் தம்பி" என்றாள் அவள்.

அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. காதல் வசனம் பேசி முடித்ததும் அவன் சிரிப்பு விளக்கை அணைத்தாற்போல் போய்விடும். எதிரே நிற்கும் பெண்ணை விட்டுவிட்டு, ஷாட்டில் தான் அழகாக விழுந்தோமா என்று, அதைக் காட்டும் ஓரத்து மானிட்டருக்குக் கண் ஓடும். ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டித்தான் அவள் அவனை மன்மதனாக்கியிருந்தாள்.

வெட்டாவிட்டால் படம் படுத்துவிடும். கூடவே அவள் பேரும் கெடும். இது நியாயமா, வெறும் வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். கடைசியில் அந்தப் பூட்டிய பெட்டிதான் கண்முன் வந்தது. அவன் சொன்னபடியே எல்லாவற்றையும் முழுசாக விட்டாள்.

படம் வந்ததும் வரமாட்டேன் என்ற தங்கையை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். நகைச்சுவைக் காட்சிகளில் ஒரு சிரிப்புச் சத்தம்கூட இல்லை. நாயகன் இளவரசியிடம் உருகி முடித்து, சிரிப்பை அணைத்து, கண்ணை ஓரத்துக்கு ஓட்டினான்.

"ஏம்பா, பொண்ணு இங்க நிக்குது, நீ அங்க யாரைப் பார்க்கற?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் தியேட்டரே சிரித்தது. அதன்பின் அவன் காதலைச் சொன்னபோதெல்லாம் சிரித்தது.

தங்கை அவள் கையைப் பிடித்தாள். "அன்னிக்கு என்கிட்டப் பேசினப்பவும் இதே மூஞ்சிதான்க்கா. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதோன்னு நினைச்சேன்."

படத்தொகுப்பாளர் தூங்கிவிட்டார் என்று விமர்சனங்களில் எழுதினார்கள். கையிலிருந்த அடுத்த படமும் போயிற்று. அவள் எதிர்பார்த்ததுதான், ஆனாலும் வலித்தது. அவன் போனில் கத்தியபோது வலி கொஞ்சம் குறைந்தது.

"உங்க ஷாட் ஒண்ணையும் நான் தொடலை தம்பி. என் தங்கச்சிக்குக்கூடப் படம் ரொம்பப் பிடிச்சுது."

"எந்தத் தங்கச்சி?"

"யோசிச்சுப் பாருங்க. இனிமே உங்களுக்கு நிறைய நேரம் இருக்கும்."