நிற்கிற நேரம்

"சித்தப்பா, அந்த போனை முதல்ல கீழ வைங்க" என்றாள் அவள், குளிர்பெட்டியின் கண்ணாடியில் வழிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே. உள்ளே அப்பா. நேற்று காலையில் போனவர்.

சித்தப்பா வைப்பதாக இல்லை. "இதப் பாரும்மா, தெளிவாப் போட்டிருக்கான். ரெண்டு ஊருக்கும் பதிமூணாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். அதை நம்பித்தானே இன்னைக்குப் பன்னெண்டுக்கு எடுக்கறோம்னு ஊருக்கெல்லாம் சொன்னேன்!"

"அது நேரா பறந்தா. நேரா ஏது பிளேனு? அண்ணன் நடுவுல ஏதோ ஏர்போர்ட்டு பெஞ்சில உக்காந்திருக்கான். ராத்திரி எட்டாகும்னு இப்பத்தான் சொல்றான்."

"எட்டா? மயானத்துல ஆறுக்கு மேல எடுக்க மாட்டானே!"

"அப்ப நாளைக்கு மாத்துங்க."

"மாத்தணும்னா உங்கப்பாவோட அடையாள அட்டை வேணுமாம். பாவம், பிள்ளை அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றான்..."

நேற்றிலிருந்து இதே பாட்டு. வந்தவர், போனவர் எல்லாருக்கும் அண்ணன் வரும் தூரம்தான் கவலை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அட்டையைத் தேடி அப்பாவின் அலமாரியைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த மனிதர், மகனின் வழியையும் பஸ் அட்டவணை மாதிரியே கோடு போட்டு எழுதியிருந்தார். முதல் விமானம் ஒன்பதரை மணி. நிற்கிற நேரம் ஏழு. அடுத்தது எட்டு. பெட்டி எடுக்க ஒன்று. டாக்ஸி ஒன்றரை. மொத்தம் இருபத்தேழு.

"ஓடற நேரம் வேற, போய்ச் சேர்ற நேரம் வேற" என்று சாப்பாட்டுக்கு நடுவிலும் சொல்லிச் சொல்லி உயிரை எடுப்பார். ஒருத்தராவது காதில் வாங்கியிருந்தால் தானே!

தாளின் அடியில் இன்னொரு வரி இருந்தது.

'மகள் வீடு. நடந்து 7 நிமிடம். மழையில் 10. கூப்பிட்டால் 4.'

நேற்று காலையில் கூப்பிட்டிருந்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" தினமும் கேட்பதுதான். ஒரு கையில் கரண்டியோடு, "இதோ வரேம்ப்பா, உங்களுக்கு எல்லாம் உடனே நடக்கணும்" என்றாள். பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வர நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

"கிடைச்சுதாம்மா?" என்றார் சித்தப்பா வெளியிலிருந்து.

"அட்டை எங்க வீட்டுலதான் இருக்கு. போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நான்தான் எடுத்து வெச்சேன்."

"வண்டியில யாரையாவது அனுப்பட்டுமா?"

அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். கூடத்துக் கடிகாரத்தில் பத்து இருபது.

திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. சித்தப்பா அட்டையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அதுக்குள்ள வந்துட்டியா? என்னம்மா, கால்ல செருப்புகூட இல்லாம!"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்தொன்பது. பூட்டைத் திறக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

கீழே கிடந்த துணியை எடுத்து, கண்ணாடியில் மறுபடி படிந்திருந்த ஈரத்தை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தாள்.