ஓடை தாண்டி அனுப்புகிறவர்கள்

"ஐப்பசி மழையில ஊர் சுத்திப் பாக்க வந்த மொத ஆளு நீதான் அப்பு!" பஸ் கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சித்திரையில வந்தா தேரு, திருவிழா. இப்ப வந்து சகதியவா பாக்கப் போற?"

தங்கமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஈப்போவில் பிறந்து வளர்ந்தவனுக்கு மழை என்ன புதிதா? முதுகில் கான்வாஸ் பை, அதையும் சேர்த்து மூடித் தரையைத் தொடும் ரப்பர் மழைக்கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ். இந்தியா என்ற புது நாட்டைக் பஸ்ஸும் நடையுமாகப் பார்த்துவிடுவது என்று கப்பலேறியவன். மதுரை ஆயிற்று, திண்டுக்கல் மலைக்கோட்டை ஆயிற்று, அடுத்தது நத்தம். அப்பா மொக்கைச்சாமி இந்தப் பக்கத்துக்காரர் என்று மட்டும் தெரியும். எந்த ஊர் என்று கேட்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

சாணார்பட்டி தாண்டியதும் வெள்ளம் சாலையை அறுத்துப் போட்டிருந்தது. கண்டக்டர் கிழக்கே ஒரு வண்டித்தடத்தைக் காட்டினார்.

"இதுல போனா ஒரு ஊரு, அதத் தாண்டி ஓடை. எங்கன எறங்கணும்னு ஊர்க்காரங்களக் கேட்டுக்க. கேக்காம மட்டும் தண்ணியில கால வச்சிராத. ஆளையே காணாம அடிச்சிரும்."

பஸ் திரும்பிப் போயிற்று. மழை மட்டும் கூட வந்தது.

ஊர் எல்லையில், சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்தபடி ஒருவர் மாடு ஓட்டி வந்தார்.

"அண்ணே, நத்தம் போகணும். ஓடையை எங்க தாண்டறது?"

மனிதர் நிமிர்ந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மாட்டைக்கூட விட்டுவிட்டு ஓட்டமெடுத்தார்.

தெருவில் இவன் நடக்க நடக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒவ்வொரு வாசற்படியிலும் யாரோ அவசரமாக அரிவாளைக் குறுக்கே வைத்தார்கள். ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து பிள்ளைக் குரல், "அம்மா, காலே தெரியலம்மா!" என்றது. சட்டென்று அந்த வாய் பொத்தப்பட்டது.

தெருமுனைக் கல்லில் ஒரு பெண் பின்புறமாகவே நடந்து வந்து வாழை இலையை வைத்துவிட்டுப் போனாள். இலையில் சோறு. பசியில் அள்ளித் தின்றான். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை, ஒரு கல் உப்புகூட இல்லை.

"ரொம்ப நன்றிம்மா!"

அவள் முதுகு சிலிர்த்தது. திரும்பாமல் ஓடினாள்.

பிறகு ஆண்கள் வந்தார்கள். தள்ளியே நின்றார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் கையை நீட்டிக் கிழக்கே காட்டினார். அப்பாடா, வழி கிடைத்தது! தங்கமுத்து நடந்தான். அவர்களும் பின்னால் வந்தார்கள், பொரியை இறைத்தபடி. அவன் நின்றால் நின்றார்கள். அவன் திரும்பினால் அத்தனை பேரும் முதுகைக் காட்டினார்கள்.

ஓடை செம்மண் நிறத்தில் சீறிக்கொண்டிருந்தது.

"இங்கயா எறங்கணும்?"

மீசைக்காரரின் கை தண்ணீரைக் காட்டியது.

"ஆழமாண்ணே?"

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மனிதரின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மழை அல்ல, கண்ணீர். தங்கமுத்து ஓரடி பின்வாங்கினான். ஆனால் என்ன செய்வது? கேட்டாயிற்று, காட்டியும் விட்டார்கள். அழுகிறவர்கள் ஆளைக் கொல்லவா போகிறார்கள்?

இறங்கினான். முழங்கால். இடுப்பு. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து கால்கள் இரும்பாயின. காலடி மண் கரைந்து போயிற்று.

"எறங்காத! அங்கன ஆள முழுங்குற கெடங்கு இருக்கு!"

கரைச் சரிவில் வெள்ளைச் சேலை ஒன்று உருண்டு வந்தது. மழைக்கோட்டின் காலரை ஒரு கை எட்டிப் பிடித்து இழுத்தது. இருவரும் சகதியில் விழுந்தார்கள்.

நாற்பதைத் தாண்டிய பெண். அவன் மணிக்கட்டைப் பிடித்தவள் அப்படியே உறைந்தாள்.

"சூடா இருக்கே... நீ யாருய்யா?"

"தங்கமுத்து. மலாயாக்காரன்."

"அப்பன் பேரு?"

"மொக்கைச்சாமி."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "என்னையக் கட்டுன கையோட கப்பலேறுன மனுசன். ஜப்பான் சண்டை முடிஞ்சும் ஒரு கடுதாசி, தாக்கல் இல்ல. வைக்கோல்ல உருவம் செஞ்சு எரிச்சோம். தாலிய அறுத்தேன். இன்னைக்கி அதே மூஞ்சி, அதே வயசு, தெருவுல நடந்து வருது. அப்படி எரிச்ச ஆளு பேயாத் திரும்பி வந்தா வாய் தொறக்கக் கூடாதுய்யா. சோறு வச்சு, ஓடை தாண்டி அனுப்பிரணும்."

"வாய் தொறந்தா?"

"தொறந்தவளும் செத்தவங்கூடச் சேந்தவ." அவன் மணிக்கட்டை இறுக்கினாள். "அவரு... இருக்காரா?"

இந்நேரம் ஈப்போவில் அம்மா ஆற்றிக் கொடுத்த காப்பியை அப்பா குடித்துக்கொண்டிருப்பார்.

"இருக்காரு."

அவளுக்குச் சிரிப்பா, விக்கலா, என்னவோ ஒன்று வந்தது. எழுந்து கரையைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே, இது பேயி இல்ல! அந்தாளு உசுரோட இருக்கான்! இது அவன் பெத்த பய!"

மீசைக்காரர் முதுகைக் காட்டினார். அடுத்தவர் திரும்பினார். அதற்கடுத்தவரும்.

"பெருமாள்சாமி அண்ணே! நான்தான், உன் தங்கச்சி சுந்தரம்மா!"

மீசைக்கார அண்ணனின் தோள்கள் குலுங்கின. ஆனால் அவர் திரும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஊரைப் பார்த்து நடந்தார்கள்.

சுந்தரம்மாள் சேலையை வரிந்து கட்டினாள்.

"வடக்க தள்ளிப் போனா கல்பாலம் இருக்கு. பொழுது சாயுறதுக்குள்ள தாண்டிரணும். எம் பின்னால வா."

"நீங்க எப்படிம்மா திரும்பி வருவீங்க?"

அவள் முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஊருக்குள்ளிருந்து, மழையைக் கிழித்துக்கொண்டு, சாவு மேளம் கிளம்பிற்று. தங்கமுத்து திடுக்கிட்டுத் திரும்பினான்.

"யாருக்கும்மா அடிக்கிறாங்க?"

"எனக்குத்தான். பாத்து வா, வழுக்கும்."