மில்லிகிராம் சாரின் நாணயம்

அருங்காட்சியகத்தின் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் மில்லிகிராம் சார். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் இல்லாத எண்ணை அவர் எண்ணாகவே மதிப்பதில்லை. யாராவது வாய் தவறி ‘ஏறக்குறைய’ என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு அவர்கள் அவர் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டியதுதான்.

அவருக்கென்று ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. பழங்கால நாணய வகை ஒன்றின் எடை முப்பத்திரண்டு குன்றிமணி என்று ஏதோ ஏட்டில் படித்திருந்தார். வேலியில் படர்ந்த கொடியிலிருந்து ஒரே ஒரு குன்றிமணியைப் பறித்து நிறுத்துப் பார்த்தார். 0.108 கிராம். முப்பத்திரண்டால் பெருக்கினால் 3.456. அந்தக் கால அக்கசாலையில் ஒரு மில்லிகிராம்கூடப் பிசகாமல் காசு அடித்தார்கள் என்று பத்து வருஷத்துக்கு மேலாக மேடை மேடையாகப் பேசிவருகிறார்.

நாணயப் பிரிவின் எழுத்தரம்மாவிடம் வேலை வந்தது. பழைய பதிவேட்டில் குன்றிமணிக் கணக்கில் இருந்த அதே வகை நானூற்றுப் பன்னிரண்டு நாணயங்களின் எடையையும் கிராமுக்கு மாற்ற வேண்டும்; புத்தகமாக அச்சாகப் போகிறது.

அவளுக்கு ஒரு சந்தேகம். ஒரு கைப்பிடி குன்றிமணியைப் பொறுக்கிக்கொண்டு கணவரின் மருந்துக்கடைக்குப் போனாள். மருந்துப்பொடி நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்தாள். 0.094. 0.121. 0.130.

“ஏங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே?”

“கொடிக்கு யாரு எடைமுத்திரை குத்தி அனுப்புனா? காசு உங்க கையிலதான இருக்கு. அதையே நிறுத்துப் பாத்தா ஆகாதா?”

மறுநாள் அவள் அதைத்தான் கேட்டாள். தன் எண்மேல் இருந்த நம்பிக்கையில் மில்லிகிராம் சார் உடனே பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார். முதல் காசு 3.112. அடுத்தது 2.970. அதற்கடுத்தது 3.284.

“தராசு கோளாறு” என்றார்.

புதுத் தராசு வந்தது. அதுவும் அதையே சொன்னது.

“அப்ப காசுதான் தப்பு. தேஞ்சு போயிருக்கு. தேய்மானத்தையும் சேத்துப் போடுங்கம்மா.”

“எவ்வளவு சேக்கட்டும் சார்?”

“3.456 வர்ற வரைக்கும்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நான்காவது காலைக் காட்டி என்ன பயன்? அவர் கேட்ட எடைக்கு ஒரு பத்தி, தராசு சொன்ன எடைக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டுக்கொண்டு அவள் பாட்டுக்கு நிறுத்துக்கொண்டே போனாள்.

மூன்றாம் நாள், 217ஆம் எண் காசைத் தட்டில் வைத்தாள். 3.456. மயிரிழைகூட ஏறவில்லை, இறங்கவில்லை.

மில்லிகிராம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காசுக்குத் தனியாகக் கண்ணாடிப் பேழை, மேலே விளக்கு, பட்டுத்துணி. பார்க்க வருகிறவர்களை அவரே கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார்.

எழுத்தரம்மாவுக்கு மட்டும் உறுத்தியது. மற்ற காசெல்லாம் தேய்ந்து மூளியாகக் கிடக்க, இது ஒன்று மட்டும் எப்படி நேற்றுப் பிறந்த மாதிரி இருக்கிறது? விளிம்பில், அடித்த காசில் இருக்கவே முடியாத வார்ப்பு அச்சு ஒட்டிய கோடு வேறு மெல்லியதாக ஓடியது. பழைய கோப்புகளைக் கிளறினாள். பத்து வருஷத்துக்கு முந்தைய தாள் ஒன்று அகப்பட்டது. விற்பனைக் கூடத்துக்கு இருநூறு நகல் காசுகள் வார்த்துத் தரச் சொல்லும் உத்தரவு. ‘எடை சரியாக 3.456 கிராம் இருக்க வேண்டும்.’ கீழே மில்லிகிராம் சாரின் கையெழுத்து. மாதிரிக்காக வார்ப்பவரிடம் கொடுத்தது 217ஆம் எண். திரும்பி வந்தபோது பெட்டகத்தில் நகல் உட்கார்ந்துகொண்டது. அசல், நகலோடு நகலாக விலைபோய்விட்டது.

சொல்லலாம் என்று இரண்டு முறை போனாள்.

“சார், அந்த எரநூத்திப் பதினேழு...”

“அற்புதம் இல்ல? அப்புறம் பேசலாம்மா, இப்ப விருந்தாளிங்க வந்திருக்காங்க.”

மூன்றாம் முறை போகவில்லை. குறிப்பு என்றிருந்த கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவைத்தாள். மில்லிகிராம் சார் தன் பத்தியில் மட்டும் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். 3.456, 3.456, 3.456. குறிப்பில்தான் புள்ளி எதுவும் இல்லையே, அதை எதற்குப் படிப்பது? பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்.

வெளியீட்டு விழாவுக்கு வந்த பேராசிரியர் நல்ல மனுஷர். பாராட்டுவதற்காகவே பக்கத்தைப் புரட்டி, ஒலிபெருக்கியில் உரக்க வாசித்தார்.

“இருநூற்றுப் பதினேழு. 3.456 கிராம். குறிப்பு: நகல். விற்பனைக்காக இயக்குநர் உத்தரவின்படி வார்க்கப்பட்டது...”

மில்லிகிராம் சார் எழுந்தார். ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

“நகலே இவ்வளவு துல்லியம்னா, அசல் எவ்வளவு துல்லியமா இருந்திருக்கும்! யோசிச்சுப் பாருங்க!”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. குப்புற விழுந்தவர் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது மட்டுமல்ல, மீசைக்கு மாலையே விழுந்தது.

அடுத்த வாரம் இயக்குநரிடமிருந்து அவளுக்கு ஓலை வந்தது: 217ஆம் எண் அசல் எங்கே போயிற்று என்று விளக்கம் தர வேண்டும். அந்தப் பழைய உத்தரவைப் படியெடுத்து இணைத்து, ‘தங்கள் பார்வைக்கு’ என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

“அசல் உண்மையிலயே எங்கதான் இருக்கும்?” என்றார் கணவர், கடையைப் பூட்டிக்கொண்டே.

“யார் வீட்டுலயாவது ஆடுற மேசைக்குக் கால்ல முட்டுக் குடுத்திருப்பாங்க” என்றாள் அவள். சொல்லும்போது சிரிப்பு வந்தது. இரண்டடி நடப்பதற்குள் வயிறு எரிந்தது.