மூன்று சுழி

பதினொன்றாம் எண் நாவலைப் பாதி படித்ததுமே பத்துக்கு ஒன்பது என்று பென்சிலால் குறித்தேன். நாற்பத்தோர் ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஒன்பது என்பது என் கையிலிருந்து லேசில் விழுகிற எண் அல்ல.

ஒரு பதிப்பகம் இளையோருக்கான நாவல் போட்டி நடத்தியது. மாய உலகம் அல்லது பாழான எதிர்காலம், இரண்டில் ஒன்று கதைக்களமாக இருக்க வேண்டும். நடுவர்கள் மூன்று பேர்: ஒரு பள்ளி நூலகர், ஓர் அறிவியல் ஆசிரியை, மொழியைப் பார்க்க நான். பிரதிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர்கள் ஒட்டிய உறைக்குள் செயலாளரிடம் இருந்தன. நடுவர்கள் யார் என்பதும் வெளியே தெரியக்கூடாது, வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்றார்கள். எனக்கு அதில் சிரமம் இல்லை. எங்கே போகிறேன், என்ன செய்கிறேன் என்று வீட்டில் சொல்லும் வழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு பிரதி தனக்கு வேண்டியவர் எழுதியது என்று தெரிந்தால், மதிப்பெண் தருவதற்கு முன் நடுவர் எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் விலகுவார், பிரதி போட்டியில் நிற்கும். மறைத்து மதிப்பெண் தந்து பிறகு தெரியவந்தால் பிரதியே தள்ளப்படும். இதைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் யார் நாவல் எழுதப்போகிறார்கள்?

மொத்தம் பதினான்கு பிரதிகள். ஆறு நாவல்களில் உலகம் பெரியவர்களால் அழிந்திருந்தது. நான்கில் நெற்றியில் மச்சம் உள்ள பெண் ஒருத்தி அதைக் காப்பாற்றினாள். எல்லாம் அழிந்த பிறகும் எல்லாருக்கும் நல்ல காலணி எங்கிருந்து கிடைக்கிறது என்று ஒன்றின் ஓரத்தில் எழுதினேன். ஒன்றில் பறக்கும் பாம்பு பேசியது. பேசட்டும், ஒற்றுப்பிழை இல்லாமல் பேசியிருக்கலாம்.

பதினொன்று அப்படி இல்லை. அதில் ஒரு நகரம், சுற்றிலும் மதில், மதிலில் ஒரே ஒரு கதவு. கதவில் கல்லால் ஆன வாய். வெளியே போக வேண்டியவர்கள் எங்கே, எதற்கு, எப்போது திரும்புவது என்று ஓர் இலையில் எழுதி அந்த வாய்க்குள் போட வேண்டும். நேரம் தவறினால் கதவு அவர்களுடைய பெயரை மறந்துவிடும். நகரை ஆள்பவரை ‘மேலவர்’ என்பார்கள். அவர் யாரையும் அடிப்பதில்லை, கத்துவதில்லை. மாலையில் இலைகளைப் படிப்பார். எட்டு என்று எழுதியிருந்தால் அடித்து ஆறு என்று போடுவார். அவ்வளவுதான். ‘கொடுங்கோலன் குரலை உயர்த்தாததுதான் நடுக்கம் தருகிறது’ என்று ஓரத்தில் எழுதினேன்.

ஒரே குறை, ஒரு சொல் திரும்பத் திரும்பப் பிழையாக வந்தது. அனுமதி என்பதை ‘அணுமதி’ என்று, இரண்டு சுழி வரவேண்டிய இடத்தில் மூன்று சுழி போட்டு எழுதியிருந்தார் ஆசிரியர். எட்டு அத்தியாயங்களில் இருபத்து மூன்று முறை வட்டமிட்டேன். பழக்கப்பட்ட கை. கண் பார்ப்பதற்கு முன் வட்டம் விழுந்துவிடும்.

பாதி படித்த நிலையில் நடுவர்கள் பதிப்பக அலுவலகத்தில் கூடினோம். நூலகருக்குப் பதினொன்று மிகவும் பிடித்திருந்தது. ஆசிரியை அந்த மேலவரை நேரில் பார்த்தால் அறைந்துவிடுவேன் என்றார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றேன் நான். “ஆனா கொஞ்சம் மிகை. இப்படி ஒருத்தன் இருந்தா ஊர் ரெண்டு நாள்ல அவனை மதிலுக்கு வெளியே தள்ளிடும். இவ்வளவு பேர் இவ்வளவு வருஷம் ஏன் கேட்டுக்கிட்டு இருக்கணும்? அதை மட்டும் நம்ப முடியலை.”

“சார் வீட்டுல எல்லாரும் எதிர்த்துப் பேசுவாங்க போல,” என்றார் நூலகர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். அந்தப் பிழை எப்படி வந்தது என்ற கதை அதில் இருந்தது. நகரை நிறுவிய முதல் மேலவர் கதவின் மேல் தன் கையாலேயே அந்தச் சொல்லைச் செதுக்கினார். மூன்று சுழி விழுந்துவிட்டது. சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அதனால் நகரம் முழுவதும் அன்றுமுதல் பிழையாகவே எழுதியது. ஒருநாள் ஒரு சிறுமி ஆணியால் ஒரு சுழியைச் சுரண்டினாள். மேலவர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சுரண்டிய இடத்துக்குச் சாயம் பூசினார். பிறகு முப்பது நாள் அவளிடம் பேசவில்லை.

பென்சில் கையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை. தலையைத் திருப்பி வாசற்கதவைப் பார்த்தேன்.

எங்கள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மாட்டியிருக்கிறது. என் அப்பா செய்தது. அவருடைய தங்கை ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் வெளியே போய், இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தாள். ஊர் வாய்க்கு அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு அப்பா அந்தப் பெட்டியைச் செய்து, முகப்பில் உளியால் ‘அணுமதி’ என்று செதுக்கினார். வெளியே போகிறவர்கள் எங்கே, எதற்கு, எப்போது திரும்புவது என்று சீட்டு எழுதிப் போட வேண்டும். மாலையில் குடும்பத் தலைவர் படிப்பார். அப்பாவுக்குப் பிறகு நான். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒருவர் ஒரு சொல் பேசியதில்லை என்றால் அது அந்தப் பெட்டியால்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்த எழுத்து. ஊரார் நூல்களில் ஒரு துணைக்கால் குறைந்தாலும் விடாதவன் ஐம்பது வருடமாக அதன் கீழேதான் செருப்பு மாட்டுகிறேன். அப்பா செதுக்கியதை மகன் திருத்துவதா? அதனால் அதைச் சொல்லாகப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பூட்டைப் போல, கீலைப் போல அதுவும் பெட்டியின் ஒரு பாகம் ஆகிவிட்டது.

சுரண்டியவள் என் மகள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. இப்போது மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள், எங்களோடுதான் இருக்கிறாள். பேசாமல் இருந்தது முப்பது நாளா என்று எனக்கு நினைவில்லை. எண்ணியவளுக்கு இருக்கும்.

ஆக, எழுதியவள் அவள்தான் என்று முடிவு செய்தேன். என் வீட்டை எடுத்து, மதில் கட்டி, என்னை மேலவர் ஆக்கி, ஊரார் படிக்க அனுப்பியிருக்கிறாள். நேற்று என் முன்னாலேயே ஒருவர் என்னை அறைவேன் என்றிருக்கிறார், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நேராகக் கேட்க விதி இடம் தரவில்லை. மதியம் சாப்பிடும்போது மகளிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“அனுமதிக்கு எந்த ன?”

“ரெண்டு சுழி,” என்றாள், தட்டிலிருந்து தலை தூக்காமல். “என்னப்பா, நீங்க போய் என்கிட்ட கேக்கறீங்க?”

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அடுப்பங்கரையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“எந்த வீட்டுலன்னு கேளு.”

மகள் சிரித்துவிட்டாள். திருமணமாகி நாற்பத்து நான்கு வருடத்தில் என் மனைவி என்னைக் கிண்டல் செய்து நான் கேட்டதில்லை. செய்யாமலா இருந்திருப்பாள், என் காதுக்கு வந்ததில்லை.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மீதியைப் படித்தேன். இந்தமுறை வட்டமிடவில்லை. பதினான்காம் அத்தியாயத்தில் நகரத்துக்கு மணமாகி வந்த பெண் ஒருத்தி இலை எழுதுகிறாள். எங்கே: அம்மா வீடு. எதற்கு: அம்மா போய்விட்டாள். எப்போது திரும்புவது: தெரியாது. மேலவர் படிக்கிறார். தெரியாது என்பது நேரம் இல்லை என்று அதை அடித்து, ஆறு என்று போடுகிறார். அந்தப் பெண் அம்மாவின் கால்மாட்டில் நிற்கிறாள். முகத்தருகே கூட்டமாக இருக்கிறது. கூட்டம் விலகும்வரை நின்றால் ஆறு தாண்டிவிடும். முகத்தைப் பார்க்காமலே திரும்புகிறாள்.

அந்தச் சீட்டை உலகத்தில் இரண்டு பேர்தான் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி எழுதியவள். இன்னொருவன் அடித்தவன்.

அன்று என் மனைவி ஆறுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டாள். அம்மா போன வீட்டிலிருந்துகூடச் சொன்ன நேரத்துக்கு வந்தாள் என்று உறவினர்களிடம் பல வருடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். முகம் பார்த்தாயா என்று கேட்கவே இல்லை. அது கேட்க வேண்டிய கேள்வி என்றே தோன்றவில்லை.

மதிப்பெண் தாளை எடுத்தேன். ஒன்பதை ரப்பரால் அழித்தேன். இரண்டு என்று எழுதினேன்.

அதை எழுதியது என் கைதான். இரண்டு போட்டால் பிரதி அடியில் போய்விடும். அச்சேறாது. யாரும் படிக்க மாட்டார்கள், அப்பா பெயரும் தப்பிக்கும். தாளைப் பிரதியோடு பைக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன்.

தாள் தர வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் என் மகள் வயதுப் பெண். எதிரில் நாற்காலி போட்டாள். நூலகர் முன்பே வந்து தாளைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். தானாகவே பேச்சை எடுத்தார். அந்த மூன்று சுழியைப் பிழை என்று கூட்டத்தில் நான் சொன்னதைக் கேலி செய்தார்.

“கதையே அந்தப் பிழைதானே சார். அதைத் திருத்திட்டா என்ன மிச்சம்?”

பையிலிருந்து தாளை எடுத்தேன். பதினொன்றுக்கு நேராக இரண்டு இருந்தது. அதன் அடியில் அழித்த ஒன்பதின் தடம். என் வாழ்நாளில் தெரியாமல் எத்தனையோ பிழைகளை விட்டிருப்பேன். தெரிந்தே ஒரு பிழையைத் தாளில் ஏற்றியதில்லை. அச்சகத்தில் என் மேசைக்கு வந்த தாளை இன்னொருவர் மறுபடி பார்த்ததில்லை. அந்த நற்பெயரும் என் குடும்பப் பெயர்தான். அதை அப்பா தரவில்லை, நான் சம்பாதித்தேன்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

“விலகல் படிவம் ஒண்ணு குடும்மா,” என்றேன்.

அவள் முழித்தாள். படிவத்தில் இரண்டே கட்டங்கள். பிரதியின் எண்: பதினொன்று. காரணம்: நிமிர்ந்து உட்கார்ந்து தெளிவாக எழுதினேன். ‘அந்தப் பெட்டி என் வீட்டில் இருக்கிறது. இலையை அடித்தவன் நான். எழுதியவர் என் மனைவி.’

அவள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். கை தானாக வாயருகே போனது.

“சார், அது கற்பனை இல்லையா?” என்றாள் மெதுவாக.

“மதில் கற்பனை,” என்றேன்.

நூலகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளும் சொல்லவில்லை. படிவத்தை உறையில் போட்டு ஒட்டினாள். நான் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றவில்லை. சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே இருந்த பேனாக்கத்தியை எடுத்தேன். பெட்டியின் முகப்பில் மூன்றாம் சுழிமேல் அதன் முனையை வைத்தேன். மகள் சுரண்டிய இடத்துச் சாயம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது.

“விடுங்க,” என்றாள் மனைவி. பின்னாலேயே நின்றிருந்தாள். “இப்ப திருத்தினா நான் எழுதினது பொய்யாயிடும்.”

கத்தி நின்றது.

“நான் நடுவர்னு எப்பலேர்ந்து தெரியும்?” என்று கேட்டேன்.

“பொட்டலம் வந்த அன்னிக்கே. உங்க பையில கண்ணாடியை வைக்கறது நான்தானே. மேல இருந்ததே என்னோடதுதான்.”

“ஏன் சொல்லலை?”

“சொல்லிட்டா படிக்கற மாதிரி படிச்சிருக்க மாட்டீங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “ஒன்பதைப் பார்த்தேன். அன்னிக்கு முழுக்க வேலையே ஓடலை. ரெண்டையும் பார்த்தேன்.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

எங்கே கற்றாய் என்று மட்டும் கேட்டேன். பெட்டியருகே இருந்த வெற்றுச் சீட்டுக் கட்டைக் காட்டினாள். அச்சகத்தில் வீணாகும் திருத்தத் தாள்களை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். நான்காகக் கிழித்து, எழுதாத பக்கத்தில் சீட்டு எழுதுவார்கள். மறுபக்கத்தை யாராவது படிப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

“நாப்பது வருஷமா கால்வாசிக் கதையாப் படிச்சேன். மீதியை நானே யோசிக்க வேண்டியதாப் போச்சு,” என்றாள். “டைப் அடிச்சது மட்டும் உங்க பொண்ணு. சரி, கடைசியில எத்தனை போட்டீங்க?”

“போடலை. விலகிட்டேன். பெட்டி நம்ம வீட்டுதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். உன்னோடது போட்டியில நிக்குது.”

அவள் என்னைப் பார்த்தாள். இந்தமுறை திகைத்தது அவள்தான். அந்தக் கட்டுக்குள்ளிருந்து ஒரு சீட்டை உருவினாள். சுவரில் வைத்து எழுதிப் பெட்டிக்குள் போட்டாள். கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கித் தெருவில் நடந்தாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. மாலைதான் பெட்டியைத் திறப்பது வழக்கம். நான் அப்போதே திறந்தேன்.

எங்கே: அம்மா வீட்டுத் தெரு. எதற்கு: சும்மா. எப்போது திரும்புவது: தெரியாது.

பின்பக்கத்தில் யாரோ எழுதிய ஏதோ ஒரு நாவலின் பாதி வரி இருந்தது. அச்சகத்தில், அடித்திருக்கக்கூடாத சொல்லை அடித்துவிட்டால் அதன் அடியில் புள்ளிகள் வைப்போம். இருக்கட்டும் என்று பொருள். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். ‘தெரியாது’ என்ற சொல்லின் அடியில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்றாக, நான்கு வைத்தேன்.