சர்வேயர் வரும் வரை

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாளிலிருந்து என் போனுக்குச் சூடு ஆறவே இல்லை. நான் இன்சூரன்ஸ் சர்வேயர். விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி அறைதான் ஆபீஸ். வீடு, கடை, மில் எது சேதமானாலும் நேரில் போய்ப் பார்த்து, எவ்வளவு சேதம், எதனால் சேதம் என்று கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். பணம் கொடுப்பது கம்பெனி, திட்டு வாங்குவது நான்.

இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு யார் மேலும் நம்பிக்கை வராது. காற்று ரெண்டு ஷீட்டை உடைத்திருந்தால், வீட்டுக்காரர் கடப்பாரையால் இன்னும் நாலை உடைத்து வைத்திருப்பார். போன வருடம் உடைந்த ஓட்டைக் கொண்டுவந்து இந்த வருடப் புயல் தலையில் கட்டுவார். அதனால் யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். "எதையும் தொடாதீங்க. நான் வந்து பாக்கிற வரைக்கும் அது அது இருக்கிற எடத்துலயே இருக்கணும். மாத்தினா கிளெய்ம் போயிடும்."

தார்பாய் போட்டு மூடிக்கொள்ளலாம், ஆபத்தாக இருப்பதைப் போட்டோ எடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம் என்பதெல்லாம் பாலிசியிலேயே இருக்கிறது. அதையும் சொல்லப் போனால் ஒரு போனுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். கையில் நூற்று அறுபது கிளெய்ம். சொல்வதை விட்டுவிட்டேன்.

ரோஜா என்கிற அம்மா என்னிடம் மூன்று முறை பேசினார். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற ரோட்டில், உள்ளே தள்ளி ஒரு காலனி. சித்தாள் வேலை. புருஷன் சவுரிராயன் கொத்தனார். வீட்டுக் கடன் வாங்கிக் கட்டிய வீடு, செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். கடன் கொடுத்த கம்பெனி கையோடு இன்சூரன்சையும் போட்டு விட்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே பன்னிரண்டாவது படிக்கும் மகள் இசைவாணிதான் கடன் பத்திரத்தில் படித்துக் கண்டுபிடித்தாளாம்.

டிசம்பர் மூன்றாம் தேதி முதல் போன். பாதிக் கூரை போய்விட்டது என்றார். வழக்கமான பாட்டைப் பாடி வைத்தேன்.

இரண்டாவது போன் ஆறாம் தேதி. அரசூர் பக்கம் வடிந்த வெள்ளத்துச் சேற்றில் என் கார் சிக்கி, நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையே வெறுத்துப் போயிருந்த நேரம்.

"சார், காத்துக்குத் தூக்காம இருக்கணும்னு ஷீட்டு மேல மணல் மூட்டை வச்சிருந்தோம் சார். இப்ப மழையில ஊறிப் போய்க் கனமா கீது. கீழ ஷீட்டும் விரிசல் வுட்டுடுச்சு. அந்த மூட்டைய மட்டும் எறக்கிக்கலாங்களா?"

"ஒண்ணையும் தொடாதம்மா. எத்தன தடவ சொல்றது? நான் வர்றேன்."

"செரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

ஒன்பதாம் தேதி, "எப்ப சார் வருவீங்க?" என்று கேட்டு மூன்றாவது போன். நாளைக்கு என்றேன். மறுநாள் திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனேன். மில் பெரிய கிளெய்ம், சர்வே பீஸும் பெரிசு. அதன்பின் அந்தம்மாவிடமிருந்து போன் வரவில்லை. ஒரு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். பொய் சொல்வானேன்?

பத்தொன்பதாம் தேதி காலையில்தான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சவுரிராயன் வாசலில் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. "வாங்க சார். எல்லாம் நீங்க சொன்னபடியே கீது" என்று உள்ளே கூட்டிப் போனார்.

முதல் அறைக்குக் கூரையே இல்லை. அடுத்தது சமையல் அறை. அங்கே மேலே ஒரு பெரிய ஓட்டை. ஓட்டையைச் சுற்றி, இரும்பு பைப்புகளின் மேல் இன்னும் நாலு மூட்டைகள் பிதுங்கிக்கொண்டு இருந்தன. ஓட்டைக்கு நேர் கீழே, அடுப்புப் பக்கத்தில், உடைந்த ஷீட் துண்டுகள். அவற்றின் மேல் ஒரு மணல் மூட்டை.

"இது எப்ப விழுந்துச்சு? புயல்லயா?"

"இல்லிங்க. பன்னெண்டாந் தேதி. காலையில."

அப்படியென்றால் இது புயல் சேதத்தில் சேராது என்றேன். குனிந்து மூட்டையைப் பார்த்தேன். எனக்குள் இருக்கிற போலீஸ்காரன் முழித்துக்கொண்டான். பத்தடி உயரத்திலிருந்து விழுந்த மூட்டை கிழிய வேண்டும், மணல் சிதற வேண்டும். இது முழுசாக இருந்தது. மேலே இருந்த நாலும் வெளுத்துப் போன சாக்குகள், இது மட்டும் புதுச் சாக்கு. வாயில் புதுக் கயிறு. தரையில் இழுத்த தடம் வேறு.

பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்கூட வந்தது. அதை இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

"என்னய்யா, யார்கிட்ட காட்டுறே இந்த வேலையை? இது மேலருந்து விழுந்த மூட்டையே இல்லை. யாரோ கொண்டாந்து வச்சிருக்காங்க."

"ஆமாங்க. நாந்தான் வச்சேன்."

இவ்வளவு லேசாக யாரும் என்னிடம் ஒப்புக்கொண்டதில்லை. "ஏன் வச்சே?"

அவர் மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கேப்பைக் கூழு கிண்டிக்கினு இருந்தா சார். ஷீட்டோட சேந்து அவ மேல வுழுந்துடுச்சு. அவள எடுக்கணுமே, அதுக்குத்தான் மூட்டையத் தள்ளினோம். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி போறதுக்குள்ள வழியிலயே முடிஞ்சு போச்சு. அடக்கம் பண்ணிட்டு வந்து, திருப்பி அதே எடத்துல வச்சேன். எதுவும் மாறக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கன்னு அவ சொல்லிக்கினே இருப்பா."

அவர் எதையோ சொல்ல மறந்தவர்போல அவசரமாகச் சொன்னார். "பழைய சாக்கு கிழிஞ்சிடுச்சுங்க. அதான் வேற சாக்கு. மணலு அதேதான். ரத்தம் பட்டதை மட்டும் எடுத்துப் போட்டோம். எடை கொஞ்சம் கொறைவா இருக்கும். அதையும் எழுதிக்கிங்க சார்."

இசைவாணி பின்கட்டுக் கதவோரம் நின்றிருந்தாள். அப்பாவைப்போல் அவள் பணிவாகப் பேசவில்லை. "அம்மா உங்களைக் கேட்டாங்க இல்ல சார்? மூட்டையை எறக்கலாமான்னு. ஆறாந் தேதி. ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாங்க. நானும் கேட்டேன்."

"கேட்டாங்கம்மா" என்றேன்.

"பக்கத்து வூட்டு முனியம்மா அத்தை தார்பாய் குடுத்தாங்க. அதைக்கூடப் போட வுடல. சாரு கோச்சுக்குவாருன்னு சொன்னாங்க."

அந்தத் தார்பாய் மூலையில் மடித்தபடியே இருந்தது. மழை பெய்கிற வீட்டுக்குள் மூன்று பேர் பத்து நாள் நனைந்துகொண்டு என் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறார்கள். என் சொந்த வீட்டில்கூட என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கிடையாது. அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை?

"ஏணி இருக்கா?" என்று கேட்டேன்.

"எறக்கலாங்களா சார்? போட்டோ எடுத்தாச்சுங்களா?"

போட்டோ எடுத்தேன். பிறகு சவுரிராயன் மேலே ஏறி ஒவ்வொரு மூட்டையாகக் கயிற்றில் விட, நான் கீழே நின்று வாங்கினேன். என் நெஞ்சில் அணைத்து வாங்கிய முதல் மூட்டை என்னைத் தரையில் உட்கார வைத்தது. இரண்டு பேரும் தார்பாயை இழுத்துக் கட்டினோம். இசைவாணி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவிடம் மட்டும் கொடுத்தாள். எனக்கு ஒரு சொம்பைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள்.

கிளம்பும்போது சவுரிராயன் கேட்டார். "கிளெய்ம் வந்துடுங்களா சார்? நீங்க வர்ற வரைக்கும் நாங்க எதையும் மாத்தல."

வரும் என்றேன். வருமா என்று எனக்கே தெரியாது. சமையல் அறைக் கூரை இடிந்தது பன்னிரண்டாம் தேதி என்று போலீஸ் பதிவிலும் இருக்கிறது. புயலுக்குப் பிந்தைய சேதம், வீட்டுக்காரரின் அஜாக்கிரதை என்று கம்பெனி ஒரே வரியில் தள்ளிவிடும். அந்த வீட்டில் கூரை என்று மிச்சம் இருந்ததே அதுதான்.

ரெண்டு நாள் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேதத்தைக் குறைக்க வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக 'எதுவும் இல்லை' என்று நிரப்பிவிட்டுப் போவேன். இந்த முறை இப்படி எழுதினேன்: 'மணல் மூட்டையை இறக்க டிசம்பர் 6 அன்று அனுமதி கேட்டார்கள். தொடக் கூடாது என்று நான் சொன்னேன். தவறு சர்வேயருடையது. முழுச் சேதத்துக்கும் பணம் வழங்கலாம்.' கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

கம்பெனி என்னைத் தன் சர்வேயர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். நான் எழுதிய ரிப்போர்ட்டை மட்டும் ஏற்றுக்கொள்வார்கள் என்று இருந்தேன்.

ஜனவரி நாலாம் தேதி சவுரிராயன் போன் செய்தார்.

"சார், புதுசா ஒரு சர்வேயர் சார் பேசினாருங்க. உங்க ரிப்போர்ட்டு செல்லாதாம். அவரு வந்து மொதல்லேர்ந்து பாப்பாராம்."

"எப்ப வர்றாராம்?"

"தேதி சொல்லலிங்க. வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்கன்னாரு."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகள் பக்கத்தில் இருந்திருப்பாள்.

"அன்னிக்கி நாம எறக்கினோமே சார், நாலு மூட்டை. அதுங்களைத் திருப்பி மேல ஏத்தி வச்சிடட்டுங்களா?"