சாவகத்து இசை தாழ்ந்து ஒலித்த காலம்

வைகாசித் திங்களின் முற்பகல் வேளை. உடையார்கட்டுக் குளத்து நீர் வாய்க்கால் வழியே இறங்கிச் சிறுபோக வயல்களிற் பரவ, வரப்புகளில் வெண்கொக்குகள் அடிபெயர்த்து நடக்க, அப்பால் முதிரையும் பாலையும் வீரையும் செறிந்த காடு வெயிலின் முதற்சூட்டில் மெல்ல மணக்கத் தொடங்கியிருந்தது. மறுநாள் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் ஆகையால் ஊரிற் பாதிப்பேர் நடந்தும் வண்டி கட்டியும் புறப்பட்டுவிட்டனர். ஆயினும், ஓலை வேய்ந்த பள்ளிக் கொட்டிலொன்றில் மட்டும், ஞாயிறென்றும் திருநாளென்றும் பாராமல், இளம் ஆசிரியர் சிலர் கூடி அமர்ந்து, எழுகடலுக்கு அப்பாலுள்ள மாந்தரின் இசையைக் கற்றுக்கொண்டிருந்தனர்.

கற்பித்தவர் ஞானேஸ்வரி. மேலைநாட்டிற் பயின்று, யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக விரிவுரையாளராய் அமர்ந்து, மாதம் ஒருமுறை ஆனையிறவு கடந்து பேருந்திற் குலுங்கிக் குலுங்கி வந்து இவர்களுக்கு இசையியல் உரைப்பவர். வாசகரே, நம் இசை ஒன்றே இசை, பிறர் பாடுவதெல்லாம் ஓசை என்று கருதிய அறிஞர் சிலர் அந்நாளில் இருந்தனர். இந்நாளில் இல்லை என்று நான் சொல்லத் துணியேன். “வன்னிக் காட்டில் உலக இசையா?” என்று அவர்கள் நகைத்தபோது, “ஓராண்டு தாருங்கள், தேர்வில் அவர்களே விடை சொல்வார்கள்” என்று சூளுரைத்து இவ்வகுப்பைப் பெற்றிருந்தார் ஞானேஸ்வரி. அவ்வாண்டு முடிந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை தேர்வு. அதில் ஒலிநாடாவை ஒலிக்கச் செய்து, எந்நாட்டு இசை, எவ்வகைச் சுரவரிசை என்று வினவுவார்கள். மாணாக்கரிற் பெரும்பாலோர் தவறினால் வகுப்பு மூடப்படும்.

தாம் வராத நாள்களிலும் அவர்கள் கேட்டுப் பழகட்டும் என்று, தம் ஒலிப்பெட்டியையும் நாடாக்களையும் மாசி மாதத்திலேயே கொட்டிலில் விட்டுச் சென்றிருந்தார். இன்று அதன் பயனை முதன்முறையாகக் காண விரும்பி, “சாவகத் தீவின் வெண்கல இசையை எல்லாரும் சேர்ந்து பாடுங்கோ பார்ப்பம்” என்றார். சாவகம் என்பது இக்காலத்தார் யாவா என்னும் தீவு.

பாடினார்கள். ஐந்தே சுரங்களாலான அப்பண் பிழையின்றி எழுந்தது; ஆயின், எவ்வளவு தாழ்ந்து, எவ்வளவு தளர்ந்து! நெடுவழி நடந்தவர் படியேறுவதுபோல ஒவ்வொரு சுரமும் நின்று நின்று வந்து, இறுதியில் இன்னும் கீழிறங்கி முனகி ஓய்ந்தது. ஞானேஸ்வரி திகைத்து, “ஏன் இவ்வளவு மெதுவா?” என்றார்.

முத்தையன்கட்டில் நெல் விளைவிக்கும் குடும்பத்தவனான தவராசா எழுந்தான். வகுப்பில் முந்திக்கொண்டு விடை சொல்பவன் எப்போதும் அவனே.

“நீங்கள் முதல் வகுப்பிலை சொன்னனீங்களெல்லோ மிஸ், ஒரு சனத்தின்ரை இசை அந்தச் சனத்தின்ரை நடையிலை இருந்து பிறக்குதெண்டு. சாவகத்துச் சனமும் எங்களைப்போல நெல்லு விதைக்கிற சனம். சேத்துக்குள்ளை எருமைக்குப் பின்னாலை நடக்கிறவை எப்பிடி ஓடி ஓடிப் பாடுறது? கடைசியிலை இன்னும் இறங்குது பாருங்கோ, அது பொழுதுபட வீட்டை போற களைப்பு.”

பிறரும் தலையசைத்தனர். ஊர் கூடி ஆராய்ந்து கண்ட முடிவு என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஞானேஸ்வரிக்கு ஐயம் ஒன்று பிறந்தது.

“பெட்டிக்கு எப்ப புதுப் பற்றரி போட்டனீங்கள்?”

“மாசிக்குப் பிறகு போடேல்லை மிஸ். இறங்கினால் கிணத்துக்கட்டிலை வெயிலுக்குக் காயவைச்சுப் போட்டுப் போட்டுக் கேக்கிறனாங்கள்” என்றான் தவராசா, தம் சிக்கனத்துக்குப் பாராட்டு வரும் என்னும் நம்பிக்கையோடு.

நகைப்பும் அச்சமும் ஒருங்கே எழ, ஞானேஸ்வரி நாடாவை ஓடவிட்டுப் பார்த்தார். மின்கலம் சோர்ந்ததால் நாடா மெல்ல ஓட, மெல்ல ஓடியதால் இசை தாழ, அச்சோர்வையே சாவகத்தாரின் இயல்பென்று இவர்கள் போற்றிப் பயின்றிருக்கிறார்கள். சாவகம் மட்டுமா? ஆப்பிரிக்க முழவும் ஐரோப்பியக் கோயிற்பாட்டும் எல்லாமே இப்படித்தான் இவர்கள் செவியிற் குடியேறியிருக்கும். குறையா மின்வலுவில் ஓடும் தேர்வு மண்டபத்து நாடாவை இவர்கள் எங்ஙனம் இனங்காண்பார்கள்?

சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. “பிழை உங்களிலை இல்லை. பெட்டிதான் களைச்சுப்போச்சு, சாவகத்துச் சனம் களைக்கேல்லை” என்றார் மெதுவாக. தவராசா தலைகுனிந்தான், மறுகணமே சைக்கிளை எடுத்துப் புதுக்குடியிருப்புக்குப் பறந்தான். வெயில் உச்சியேறிய பின் வெறுங்கையோடு திரும்பினான்.

“ஒரு கடையிலையும் இல்லை மிஸ். பொங்கலுக்குப் போற சனம் இரவுக்கு ரோச் லைற்றடிக்கவெண்டு எல்லாப் பற்றரியையும் வாங்கிப்போட்டுது. இனி வெள்ளிக்குப் பிறகுதான் வருமாம்.”

பின்வரிசையிலிருந்து பேச்சியம்மா எழுந்தாள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, தாயோடு வன்னிக்கு வந்து, இங்கே ஆசிரியையானவள். வகுப்பில் வாய் திறப்பது அரிது.

“மிஸ், ஒண்ணு சொல்லவா? மலையில கொழுந்து பறிக்கிறப்ப எங்கம்மா ஒரு பாட்டுப் பாடும். கை ஓடுற வேகத்துக்குப் பாட்டும் ஓடும். இங்க வந்து களை பிடுங்குறப்பவும் அதே பாட்டுத்தான். தொண்டை இறங்கிப் போச்சு, வேகமும் போச்சு. ஆனா அது வேற பாட்டுன்னு நான் ஒருநாளும் நெனைச்சதில்ல.”

ஞானேஸ்வரி அவளையே நோக்கி நின்றார். சுரம் எங்கே நின்றாலும், சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள உறவு குலையாதவரை பாட்டு குலைவதில்லை என்று ஓராண்டாகக் கரும்பலகையில் எழுதிய தாமே, அச்சம் வந்தவுடன் அதை மறந்துவிட்டதை எண்ணி வாய்விட்டுச் சிரித்தார். “சரி, உங்கடை சாவகத்தையே பாடுங்கோ. நான் சுருதியை ஏத்திறன், நீங்கள் பின்னாலை வாங்கோ” என்று சுருதிப்பெட்டியை மடியில் வைத்தார். சிறிது சிறிதாக அவர் சுருதியை உயர்த்த, கைத்தாளத்தை விரைவுபடுத்த, களைத்துக் கிடந்த பண் எழுந்து நடந்து பின் துள்ளியது. மாலை வெயில் கொட்டிலுக்குள் சாய்ந்தபோது, எல்லா நாட்டு இசையும் தத்தம் உயரத்துக்கு ஏறிவிட்டிருந்தன.

தேர்வு மண்டபத்தில் நாடா பாய்ந்து ஒலித்த முதற்கணத்தில் தவராசா இனம் புரியாமல் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டான். பேச்சியம்மாவோ கண்களை மூடி, கேட்டதை நெஞ்சுக்குள் மெல்ல இறக்கிப் பார்த்து, தலையசைத்து எழுதத் தொடங்கினாள். அதைக் கண்ட தவராசாவும் அவ்வாறே செய்தான். ஒருவர் தவிர, தவராசா உட்பட எல்லாரும் தேறினர். எருமைக்குப் பின் நடக்கும் நடை பற்றித் தவராசா விடாமல் எழுதிவைத்திருந்தான் என்றும், “சான்று யாது?” என்று தேர்வாளர் அருகே குறித்தார் என்றும் பின்னர் தெரியவந்தது. வகுப்பு நிலைத்தது.

எத்தனை காலம் நிலைத்தது என்று கேளாதீர், வாசகரே. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் நாட்டுக்கு நேர்ந்ததை நீரே அறிவீர். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து நின்றது. கொட்டிலில் வேறு யாரோ தங்கினர். பேச்சியம்மா தாயோடு படகேறித் தமிழகம் போனாள் என்றனர். தவராசாவைப் பற்றி நல்ல செய்தி ஒன்றும் வரவில்லை.

எண்பத்தொன்பதில், குளிர்நாடொன்றின் பல்கலைக்கழகத்தில் ஞானேஸ்வரி கற்பித்துக்கொண்டிருந்தபோது, சாவகத்திலிருந்தே இசைவாணர் வந்து, வெண்கலக் கலங்களை வரிசையாய்ப் பரப்பி, ஒரு பிற்பகலில் அதே பண்ணை இசைத்தனர். முறை பிறழாத இசை. குறை சொல்ல ஓர் இழையும் இல்லை. அவையோர் மகிழ்ந்து கைதட்ட, ஞானேஸ்வரி மட்டும் விழிநீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருகிருந்த பேராசிரியர் வியந்து, “இசை பிடிக்கவில்லையா?” என்று வினவினார்.

“மிக நன்று. ஆனால், ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள்?” என்றார் ஞானேஸ்வரி.

பேராசிரியர் அதை நகைச்சுவை என்று கொண்டு சிரித்தார். பிழையென்று தாமே ஒரு பகல் முழுதும் இருந்து திருத்திய அந்த இசையைத்தான் ஞானேஸ்வரியின் நெஞ்சு மெய்யென்று வைத்துக்கொண்டிருந்தது. அதை மீண்டும் கேட்பிக்கச் சாவகத்தாராலும் இயலாது.