அடிப்பக்கத்தில் ஏழு மதிப்பெண்

பல்கலைக்கழக உரக்கூடத்துக்குப் பின்னால் காய்த்த முதல் கத்தரிக்காய் நூற்றுக்கு முப்பத்திரண்டு வாங்கியிருந்தது. காம்புக்குக் கீழே மாணவரின் பதிவெண், இடுப்பில் சிவப்பு மையில் மதிப்பெண், அதற்குப் பக்கத்தில் திருத்தியவரின் சுருக்கொப்பம். உரக்கூடத்தில் வேலை பார்த்த பெண் அதைப் பூச்சி அரித்த தழும்பு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தார். போகவில்லை. கத்தியால் சுரண்டினார், தோலுக்கு அடியிலும் அதே முப்பத்திரண்டு இருந்தது. அடுத்த செடியில் நாற்பத்தேழு, அதற்கடுத்ததில் அறுபத்தொன்று, ஓரமாக ஒல்லியாக நின்ற ஒன்றில் பதினொன்று. நாற்பதுதான் பாஸ் மார்க் என்பது அவருக்குத் தெரியும். மேலே வாங்கியவற்றை ஒரு கூடையிலும் கீழே வாங்கியவற்றை இன்னொரு கூடையிலும் போட்டு விடுதிச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, அன்றைய பதிவேட்டில் ‘கத்தரி பதினாறு கிலோ, பாஸ் ஒன்பது, பெயில் ஏழு’ என்று எழுதினார்.

இதையெல்லாம் தொடங்கிவைத்தது பசுமைக் குழு. வளாகத்திலிருந்து இனி ஒரு பிடி குப்பைகூட வெளியே போகாது என்று குழுவின் தலைவரான பேராசிரியர் அறிவித்திருந்தார். மைக்கில் சொல்லிவிட்டார், அதனால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை. சைக்கிள்கள் வாங்கினார்கள், மூன்று நிறங்களில் தொட்டி வைத்தார்கள், தொட்டிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லா விடுதிகளின் மிச்சச் சாப்பாடும் உரக்கூடத்தில் வந்து குவிந்தது, குவிந்து, நாறியது. ஈரச் சரக்கை மட்டும் கொட்டினால் நாறத்தான் செய்யும், பாதிக்குப் பாதி காய்ந்த சரக்கு வேண்டும் என்றார் உரக்கூடத்துப் பெண். சருகு போதவில்லை. அப்போதுதான் தேர்வுப் பிரிவின் பழைய தாள் கிடங்கு யாருக்கோ ஞாபகம் வந்தது. திருத்திய விடைத்தாளை இரண்டு வருடம் வைத்திருந்து அழிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கிடங்கின் சாவி தொலைந்திருந்தது. தொலைந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆகவே வருடா வருடம் புதுக் கட்டுகளைச் சன்னல் கம்பியை வளைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். பூட்டை உடைத்தபோது இருபத்தொரு வருடத்துத் தாள்கள் கூரை வரைக்கும் உட்கார்ந்திருந்தன. நைலான் நூல் மக்காது என்பதால் அந்தப் பெண் ஒவ்வொரு கட்டிலிருந்தும் நூலை உருவினார், தாளைக் கிழித்தார், சாப்பாட்டோடு சேர்த்துப் புரட்டினார். நான்கு மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று உரம் வந்தது. மூக்கை வைத்தால் மழை பெய்த மண் மாதிரி மணத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

தக்காளியில் வேதியியல் வந்தது. பீன்ஸில் வரலாறு, நீளநீளமாக. வெண்டைக்காய்கள் ஒரு மதிப்பெண் வினாக்களாகக் காய்த்தன. ஒன்றில் ஒன்று, ஒன்றில் பூஜ்யம், இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. ‘வரவில்லை’ என்று எழுதியிருந்த மிளகாய்களைக் கிள்ளினால் உள்ளே விதைகூட இல்லை. ஒரே கொடியில் அச்சு அசலாக ஒரே மாதிரி காய்த்த இரண்டு வெள்ளரிகளை, காப்பியடித்த சந்தேகத்தின் பேரில் ஒரு வாரம் தனித்தனியாக வைத்திருந்தார்கள். முப்பத்திரண்டுக்கும் தொண்ணூற்றொன்றுக்கும் ருசியில் எள்ளளவு வித்தியாசம் இல்லை என்பதைப் பலரும் தின்று பார்த்துச் சொன்னார்கள். ஆனால் சந்தையில் நாக்குக்கு ஓட்டு கிடையாது. விலையைத் தீர்மானிப்பது கண்.

விடுதிகளுக்குப் போக மிஞ்சியதை வளாக வாசலில் விற்றவர் உரக்கூடத்துப் பெண்ணின் கணவர். காய்க்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். டிஸ்டிங்ஷன் வாங்கிய கத்தரி இரட்டை விலை, பாஸானது சாதா விலை, பெயிலானது கூறு கட்டி. பேரம் பேசுவதும் அதற்கேற்ப மாறியது.

“முப்பத்தெட்டுக்கு இந்த விலையாப்பா? ரெண்டு மார்க் கம்மி.”

“உங்க வீட்ல யாரும்மா தொண்ணூறு வாங்கினாங்க? வேக வச்சா எல்லாம் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க.”

“எப்படியும் சமைக்கிறது மாமியாருக்குத்தான். அப்ப அந்தப் பெயிலானதுலயே ரெண்டு போடு.”

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரத்தில், கடையில் உதவிக்கு நின்ற மைத்துனன் ஒருநாள் சிவப்புப் பேனாவால் முப்பத்தைந்தின் மூன்றை எட்டாக்கி விற்றுவிட்டான். வாங்கிப் போனவர் தேர்வு அதிகாரியின் மனைவி. தேர்வு அதிகாரி காய்கறியை மன்னிப்பார், மதிப்பெண்ணை மன்னிக்க மாட்டார். மூன்று நாள் கடையை மூடவைத்து ஒரு சுற்றறிக்கை விட்டார்: ‘வளாகத்தில் விளையும் காய்கறிகளில் காணப்படும் மதிப்பெண்கள் இப்பல்கலைக்கழகம் முறைப்படி வழங்கியவை. அவற்றைத் திருத்துவது விடைத்தாளின் மதிப்பெண்ணைத் திருத்துவதற்குச் சமமான குற்றம்.’ காய்க்காரர் அதைக் கடையிலேயே, தராசுக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்தார். சரக்கு அசல் என்பதற்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது?

உரக்கூடத்துப் பெண்ணுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் அரியர் அக்கா. அவரும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் எல்லாத் தாளிலும் பாஸாகி, சுற்றுச்சூழல் கல்வி என்ற ஒரே தாளில் முப்பத்தொன்பது வாங்கித் தோற்றார். அது யாரும் தோற்காத தாள். அதில் தோற்க வேண்டுமென்றால் பரீட்சைக்குப் போகாமல் இருக்க வேண்டும், அவரோ போயிருந்தார். மறுகூட்டலுக்குப் பதினைந்து நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் பதினேழாம் நாள் கைக்கு வந்தது. அடுத்த வருடம் பரீட்சை அன்று பிரசவ வலி. அதற்கடுத்த வருடம் பாடத்திட்டம் மாறி அந்தத் தாளையே எடுத்துவிட்டார்கள். எழுதுவதற்குத் தாளும் இல்லை, பட்டமும் இல்லை. தினக்கூலியாக உரக்கூடத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிவிட்டது. எந்தக் குவியல் எந்த நாளில் சூடாகும், எதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று கையை வைத்தே சொல்வார். பசுமைக் குழுவின் படங்களில் ஓரமாக, பாதி முகமாக இருப்பார்.

அந்த வருடம்தான் உரக்கூடத்துக்கு நிரந்தரக் கண்காணிப்பாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. தகுதி: ஏதேனும் ஒரு பட்டம். கடைசி நாள்: மாதம் முப்பதாம் தேதி. வேறொருவர் வந்தால் தினக்கூலிக்கு அங்கே வேலை இல்லை என்பதையும் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தார்கள்.

அறிவிப்பு வந்த மூன்றாம் நாள், பூசணிக்கொடியில் இருந்த ஒரே காயைப் பார்த்து அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காம்புக்குக் கீழே அவருடைய பதிவெண். அந்த எண்ணை அவர் தூக்கத்திலும் சொல்வார். வரிக்கு ஒரு கேள்வியாகப் பூசணியில் மதிப்பெண்கள் ஓடியிருந்தன: நான்கு, ஐந்து, மூன்று, ஆறு, ஐந்து, நான்கு, இரண்டு, ஐந்து, ஐந்து. உச்சியில் வட்டம் போட்டு முப்பத்தொன்பது. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. சரி, இதிலும் அதேதானா என்று பெருமூச்சு விட்டவர், பூசணி வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தார். மண்ணில் பட்டு அழுகிவிடாமல் இருக்க, காயை மெல்லப் புரட்டி அடியில் வைக்கோல் வைத்தார். மண்ணில் அழுந்திக் கிடந்த அடிப்பக்கத்தில், வெளிறிய மஞ்சளில், பத்தாவது கேள்வி இருந்தது. மக்கும் குப்பையை உரமாக்குவது எப்படி? அதற்கு ஏழு.

அதைக் காம்போடு அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். கணவர் பூசணியை மடியில் வைத்து விரல்விட்டு மூன்று தடவை கூட்டினார். நாற்பத்தாறு.

“கையெழுத்து யாரோடதுன்னு பாத்தியா?” என்றார்.

“பார்த்தேன். நம்ம பசுமைப் பேராசிரியரோடது. அப்ப புதுசா வேலைக்குச் சேர்ந்திருந்தார்.”

“இங்க பாரு, உனக்கு டிகிரி வந்துட்டா எங்கூட வந்து கடையில உக்காருவியா, மாட்டியா?”

“இப்ப மட்டும் உக்காருறேனா என்ன? முதல்ல அதைக் கீழ வைங்க. கை சூட்டுக்கே பழுத்துடும்.”

மறுநாள் பூசணியைப் பஞ்சு மாதிரி தூக்கிக்கொண்டு தேர்வு அதிகாரியின் அறைக்குப் போனார்.

“என்னம்மா இது?”

“மறுகூட்டல் விண்ணப்பம் சார்.”

“விடைத்தாள் எங்க?”

“நீங்கதான் சார் மக்கப் போடச் சொன்னீங்க. போட்டேன். பூசணியா வந்திருக்கு.”

“பதினஞ்சு நாளுக்குள்ள வரணும். இருபத்தோரு வருஷம் கழிச்சு வர்றியே?”

“காய் முத்தி நாலு நாள்தான் சார் ஆகுது.”

விதியில் இதற்கு இடமில்லை என்று அவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். பூசணியை நாற்காலியிலிருந்து எடுக்கச் சொன்னார். பதினான்கு வருடமாகப் பொருள்களைச் சீக்கிரம் அழுக வைப்பதே வேலையாக இருந்தவர் அடுத்த மூன்று வாரம் ஒரு பொருளை அழுகாமல் வைத்திருந்தார். காம்பை ஒடிக்கவில்லை, தண்ணீர் காட்டவில்லை, காற்றோட்டமான மூலையில் வைக்கோல் மேல் வைத்து நாளுக்கொரு தடவை புரட்டினார். இருபத்தைந்தாம் தேதி மூன்றாவது கேள்விக்குப் பக்கத்தில் ஒரு விரல் நுனி அளவுக்கு மெத்தென்று ஆனது. இருபத்தேழாம் தேதி அது ஒரு உள்ளங்கை அகலம். மூன்றாவது கேள்வியின் மூன்று மதிப்பெண் கரைய ஆரம்பித்தது.

காய்க்காரர் இருபத்தெட்டாம் தேதி தராசுக்கு மேலே இருந்த சுற்றறிக்கையைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு, மனைவியையும் பூசணியையும் அழைத்துக்கொண்டு தேர்வு அதிகாரியிடம் போனார். வாசலில் பேரம் பேசுகிற அதே குரல்தான். ஆளுக்கு ஏற்றமாதிரி மாற்றிப் பேச அவருக்குத் தெரியாது.

“சார், இது உங்க கையெழுத்துதானே? மைத்துனன் மூணை எட்டாக்கினான்னு மூணு நாள் என் கடையைச் சாத்த வச்சீங்க. அன்னைக்குக் கத்தரிக்கா விடைத்தாள், இன்னைக்குப் பூசணிக்கா வெறும் பூசணிக்காயா? ஒரு கடையில ரெண்டு படிக்கல் வச்சிருந்தா நீங்களே பிடிச்சு உள்ள போடுவீங்க. காய்தான்னா என் மூணு நாள் வியாபாரத்தைக் குடுங்க. தாள்தான்னா கூட்டிப் பாருங்க.”

தேர்வு அதிகாரி சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். தன் எழுத்தை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. திருத்தியவர் முன்னிலையில்தான் கூட்ட வேண்டும் என்று சொல்லி ஆள் அனுப்பினார். பசுமைப் பேராசிரியர் அவசரமாக வந்தார். அடுத்த வாரம் பசுமை விருதுக்கான ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. பூசணியில் தன் சுருக்கொப்பத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

“சார், கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லையா?” என்று அரியர் அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஒரு தகவலுக்காகக் கேட்டதுபோல் இருந்தது.

“தனித்தனியாத் திருத்தறப்போ திருப்பினேன்மா. கூட்டறப்போ ஃபேன் ஓடிச்சு. தாள் பறக்குதுன்னு வெயிட் வச்சிருந்தேன். அதை எடுத்து, திருப்பி, மறுபடி வச்சு… நூத்தி இருபது தாள்.” குனிந்து பூசணியின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். “அந்த பதிலுக்கு ஏழுதான் போட்டேனா? இன்னைக்குத் திருத்தினா பத்தே போடுவேன்.”

“ஏழே இருக்கட்டும் சார். கூடப் போட்டா திருத்தின குற்றமாயிடும்.”

காயை மேசையில் கவிழ்த்தார்கள். தேர்வு அதிகாரி கூட்டினார், உதவியாளர் கூட்டினார், பேராசிரியர் கடைசியாகக் கூட்டினார். மெத்தென்று போயிருந்த மூன்று இன்னும் படிக்கும் நிலையில் இருந்தது. நாற்பத்தாறு என்று உச்சியில் எழுதப் போனபோது எழுத வேண்டியிருக்கவில்லை. வட்டத்துக்குள் ஏற்கெனவே நாற்பத்தாறு இருந்தது. மூவரும் அதற்குக் கீழே தேதி மட்டும் போட்டுக் கையெழுத்திட்டார்கள். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் முப்பதாம் தேதி மதியம் தயாரானது, விண்ணப்பம் மாலை நான்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. நேர்முகத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள், பத்தாவது கேள்வி. பட்டமளிப்பு விழாவில் சான்றிதழைப் பளபளப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். புதிய கண்காணிப்பாளர் மேடையிலேயே உறையைக் கழற்றித் திருப்பிக் கொடுத்து, வளாகத்தில் தடை செய்த பொருளைப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு விழாக் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பசுமை விருது கிடைத்தது. இந்த முறை படத்தில் அவர் முழு முகமாக, நடுவில் நின்றார். அரியர் அக்கா என்ற பெயர் மட்டும் மாறவில்லை. கூப்பிட்டுப் பழகிவிட்டது என்றார்கள் மாணவர்கள், அவரும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

மறுகூட்டல் செய்த தாளை இரண்டு வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. பூசணியைத் தாள் கிடங்கில் வைத்துப் புதுப் பூட்டுப் போட்டார்கள். சாவி தொலைந்துவிட்டது. அடுத்த பருவத்தில் வளைந்த சன்னல் கம்பி வழியாக ஒரு கொடி வெளியே வந்து, சுவரில் ஏறி, தேர்வு அதிகாரியின் அறை வரைக்கும் போய்க் காய்த்தது. எல்லாக் காயும் நாற்பத்தாறு. காய்க்காரர் அவற்றைச் சாதா விலைக்குத்தான் விற்கிறார். வாங்க வருகிறவர்கள் முதலில் உச்சியைப் பார்க்கிறார்கள், பிறகு இரண்டு கையாலும் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள், மனதுக்குள் ஒரு தடவை கூட்டிக்கொள்கிறார்கள், அதன் பிறகுதான் விலை கேட்கிறார்கள்.